யார் வீடு என்று தெரியக் கூடாது

கொரின் சோபாவை மறுபடி நகர்த்தினாள். ஜன்னலுக்கு எதிரே போட்டால் அறை சின்னதாகத் தெரிந்தது. சுவரோரம் போட்டால் பல் டாக்டரின் வரவேற்பறை மாதிரி இருந்தது.

"அங்கயே விடுடி," என்றாள் மார்லா. "காலையிலேருந்து அது இந்த ரூமைச் சுத்திட்டே இருக்கு. மயக்கம் போட்டு விழுந்துரும்."

மார்லா டகெட் வீட்டுத் தரகர். விற்பனைக்கு வரும் வீடுகளை ஜோடித்துக் கொடுப்பது கொரினின் தொழில். சாக்ரமெண்டோவின் கிழக்குப் பக்கத்தில் இருவரும் சில வருடங்களாகச் சேர்ந்தே வேலை செய்தார்கள். மார்லா வீட்டைப் பிடிப்பாள். கொரின் லாரியில் சோபா, விளக்கு, கம்பளம், படங்கள் கொண்டுவந்து இறக்குவாள். போட்டோக்காரர் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். விற்றதும் லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

இன்று ஜோடித்தது கொரினின் சொந்த வீடு. விற்பதற்கு அல்ல. மகள் வளரும் இடத்தைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த மதிப்பீட்டாளர் மாலையில் வருகிறார்.

மகள் ஜூனிக்கு எட்டு வயது. விவாகரத்து ஆனதிலிருந்து பள்ளி நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம். இப்போது முன்னாள் கணவன் கர்ட் அதை மாற்றிக் கேட்கிறான். அவனுக்கு ஃபால்சமில் புது வீடு, புது மனைவி. கொரினுடையது வீடே அல்ல, கிடங்கு என்று அவனுடைய வக்கீல் எழுதியிருந்தார். அது பொய் இல்லை. கையிருப்பு சாமான்கள் கிடங்கில் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிடும். ஜூனியின் கட்டிலுக்கு அடியில் சுருட்டிய கம்பளங்கள் கிடந்தன. குளிக்கும் தொட்டியில் குஷன்கள். வீட்டு நடையில் விளக்குகள் வரிசையாக நின்றன. ஜூனி அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் நேற்றே லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. நல்லதாகப் பார்த்துச் சிலவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்ததை எடுத்தார்கள். வாசலில் கிடந்த ஷூக்களை எடுத்தார்கள். குடும்பப் படங்களைக் கழற்றி, ஆணி இருந்த இடத்தில் ஆகாய பலூன் படத்தை மாட்டினார்கள். பாத்ரூமில் கண்ணாடிக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. தலைமுடி வெட்டப்பட்ட பொம்மைகள், பிளாஸ்டிக் குதிரைகள், பாதி காய்ந்த களிமண் எல்லாம் மூடி போட்ட டப்பாக்களில் போயின. டப்பாக்கள் மார்லாவின் காரில் போயின.

"இதையும் குடு," என்று மார்லா கினிப்பன்றியின் கூண்டைத் தூக்கினாள். "நாத்தம் வரும்."

"அது ஜூனியோடது."

"எந்த வீட்டுல மிருகத்தை விட்டுட்டு வீடு காட்டியிருக்கோம்? நான் கார்மைக்கேல்ல ஒரு வீடு காட்டப் போறேன். இது பின் சீட்டுல உக்காந்துருக்கட்டும். முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுர்றேன்."

போகும்முன் மார்லா வாசலில் நின்று வீட்டைப் பார்த்தாள். "நானே வாங்கிருவேன்," என்றாள். அவள் அப்படிச் சொன்ன வீடுகள் எல்லாம் விற்றிருக்கின்றன.

கொரின் கடைசியாகக் கம்பளத்தில் வேக்குவம் ஓட்டினாள். நேர் கோடுகளாக, பின்பக்கமாகவே நடந்து, சமையலறைக்குள் வந்து நின்றாள். உட்கார முடியவில்லை. எலுமிச்சம்பழங்கள் இருந்த கிண்ணத்தை ஒரு கையகலம் தள்ளி வைத்தாள். திரும்ப இழுத்தாள்.

பள்ளிப் பேருந்து ஜூனியை இறக்கிவிட்டுப் போனது. அவள் உள்ளே வந்து ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேயர் எங்க?"

மேயர் என்பது கினிப்பன்றி.

"மார்லாவோட போயிருக்கான். வந்துருவான்."

"எங்க?"

"ஒரு வீடு பாக்க."

"வாங்கப் போறானா?"

"ஜூனி, அந்த ஷூவைக் குடு. இன்னைக்கு ஒரு மேடம் வராங்க, சொன்னேன்ல. நீ எப்பவும் போல இரு."

ஜூனி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எப்பவும் போல எங்கே இருப்பது என்று தெரியாதவள் மாதிரி நின்றாள்.

மதிப்பீட்டாளர் பெயர் திருமதி ஒகாடா. வயது அறுபதுக்குப் பக்கம். மழைக்கோட்டு போட்டிருந்தார். கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். மாட்டுவதற்குக் கொக்கி இல்லை. கொக்கிகளைக் கொரின் முந்தின நாள்தான் எடுத்திருந்தாள்.

"நல்லா வச்சிருக்கீங்க," என்றார்.

"தேங்க்ஸ்."

கொரினுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வாங்க வருகிறவர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். திருமதி ஒகாடா அலமாரியைத் திறந்தார். அதையும் செய்வார்கள். அதற்குத்தான் துண்டுகளை மூன்றாக மடித்து அடுக்கியிருந்தாள். அவர் துண்டுகளைப் பார்க்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் பார்த்தார்.

ஜூனியின் அறையில் வெள்ளைப் போர்வை. அலமாரித் தட்டில் மர யானை, மர ஒட்டகம், நடுவில் இடைவெளி.

"இது கெஸ்ட் ரூமா?"

"ஜூனி ரூம்."

"அப்படியா." அவர் புத்தக அலமாரியிடம் போனார். "இப்ப என்ன படிக்கிறா?"

புத்தகங்களின் முதுகு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே தெரிந்தவை தாள்களின் வெளிறிய ஓரங்கள் மட்டும். நிறம் கலவையாக இருந்தால் கண் அலையும் என்று ஜோடிப்பவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். கொரின் அவசரமாக ஒன்றை உருவினாள். கழிவுநீர்க் குழாய் அமைப்பு பற்றிய கையேடு. ஜோடிப்பதற்காக எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்களோடு வந்தது.

திருமதி ஒகாடா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "பெரிய படிப்பா இருக்கே," என்றார். சிரிக்கவில்லை. இடத்தைத் தேடித் திரும்ப வைத்தார்.

ஹாலுக்கு வந்தபோது ஜூனி சுவரை ஒட்டி, ஓரத்துத் தரையில் கால் வைத்து நடந்துகொண்டிருந்தாள். கைகளை இரண்டு பக்கமும் நீட்டியிருந்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் திருமதி ஒகாடா.

"கம்பளத்துல கோடு இருக்கு. மிதிச்சா கலைஞ்சிரும்."

"கலைஞ்சா?"

"போட்டோ எடுக்கணும்ல."

"இன்னைக்கு யாரும் போட்டோ எடுக்கல. வந்து உக்காரு."

ஜூனி சோபாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "உக்காரலாமா?"

கொரின் தலையாட்டினாள். ஜூனி நுனியில் உட்கார்ந்தாள். குஷன் சாய்ந்தது. அதை நிமிர்த்தி, நடுவில் கையால் ஒரு வெட்டு வெட்டி, முயல் காது மாதிரி நிறுத்தினாள். கொரின் ஒவ்வொரு குஷனுக்கும் செய்வதுதான் அது. பிள்ளை எப்போது கற்றுக்கொண்டாள் என்று அவளுக்குத் தெரியாது.

திருமதி ஒகாடா கொரினைச் சமையலறைக்கு அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அவ இங்க திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் இருக்கா. சரியா?"

"ஆமா."

"இருக்கற மாதிரி தெரியலயே. பாத்ரூம்ல ஒரு டூத் பிரஷ்கூட இல்ல."

"இருக்கு. என் ஃபிரெண்டு கார்ல இருக்கு."

"டூத் பிரஷ்ஷா?"

"எல்லாமே."

"ஏன்?"

"இது எங்க வேலைங்க. வாங்க வர்றவங்களுக்கு யார் வீடுன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா அவங்களால அதுல தங்களை வச்சுப் பாக்க முடியாது. அதனால முதல்ல..." கொரின் நிறுத்தினாள்.

திருமதி ஒகாடா கோட்டை மாட்டிக்கொண்டார். "நான் இன்னொரு தடவை வரேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். பள்ளி நாள்ல, சாயங்காலம்."

மார்லா டப்பாக்களோடும் கூண்டோடும் திரும்பி வந்தாள். "என்ன சொன்னாங்க?"

"வாங்கல."

"என்னது?"

கொரின் சொன்னாள். மார்லா கூண்டைத் தரையில் வைத்தாள். "டூத் பிரஷ்ஷை யாருடி எடுக்கச் சொன்னது?"

"நீதான் டப்பாவுக்குள்ள போட்ட."

"நீ கையில குடுத்த, நான் போட்டேன். நான் என்னத்தைக் கண்டேன்? நீ ஒரு பொணத்தைக் குடுத்தாலும் மூடி போட்டு அடுக்கியிருப்பேன்."

ஜூனி மேயரைத் தூக்கிக்கொண்டு கம்பளத்தின் நடுவே நடந்து போனாள்.

பிறகு காத்திருப்பு. பேருந்து வரும் நேரத்தில் தொடங்கி ஜூனி படுக்கும் வரை கொரின் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் இடையே நடந்தாள். வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் நின்றாள். கூட்டவும் பயம், கூட்டாமல் விடவும் பயம். கிடங்காகவும் இருக்கக் கூடாது, கடையாகவும் இருக்கக் கூடாது. நடுவில் இருப்பது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. வேலைக்குப் போன வீடுகளில், எடுத்து ஒளிக்க வேண்டிய சாமான்களை நின்று பார்த்தாள். ஏ.சி. பொத்தான் மேல் ஒட்டிய பல் படத்து ஸ்டிக்கர். ஜன்னல் கட்டையில் ஒற்றைக் காலுறை.

வீட்டுக்கு வந்து ஜூனியின் ஷூக்களில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். சாப்பாட்டு மேசையில் கலர் பென்சில் பெட்டியைப் பாதி திறந்து, மூன்று பென்சில்களை வெளியே உருட்டி விட்டாள்.

"என் ஷூவை ஏன் கவுக்கிற?" என்று ஜூனி கேட்டாள்.

"சும்மா."

"நான் அங்க விடவே மாட்டேன். அப்புறம் அந்தப் பச்சைப் பென்சில் எனக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"எது பிடிக்கும்?"

"மாத்திட்டே இருப்பேன்." ஜூனி ஷூவை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே வைத்தாள் என்று கொரின் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை மார்லா போன் செய்தாள்.

"ஆத்தங்கரை வீடு கிடைச்சிருச்சு. நாளைக்குக் காலையில போட்டோ. உன் கிடங்குல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் வெளியில."

"அப்ப உன் வீட்டு சோபா. கம்பளம். அந்த ரெண்டு விளக்கு. ஆளனுப்புறேன். நீயும் கூட வந்துரு."

"சோபா தர முடியாது."

"நான் என்ன, இலவசமாவா கேக்கிறேன்?"

"ஜூனி அது மேல படுத்துப் படிச்சிட்டிருக்கா."

"எழுப்பு."

"மாட்டேன்."

போனில் மார்லாவின் கார் வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஹால் காலியா இருந்தா இந்த வீட்டுக்கார அம்மா ஒத்துக்க மாட்டா," என்றாள் மார்லா. "ரோஸ்வில்லுல வீடு ஜோடிக்கிறாளே, அவளைக் கூப்பிடச் சொல்லுவா. அவகிட்ட ஒரு தடவை போனா அடுத்த வீட்டுக்கும் அவதான். உனக்குத் தெரியாததில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்ற."

"அந்த ஒகாடா மேடம் எப்ப வருவாங்கன்னு தெரியாது மார்லா. அது இல்லேன்னாலும், ஜூனி படுத்திருக்கா."

மார்லா போனை வைத்துவிட்டாள்.

கொரின் மக்ரோனிக்குத் தண்ணீர் வைத்தாள். பக்கத்து அடுப்பில் சீஸ் கரைக்கப் பால் ஏற்றினாள். துவைத்த துணி சோபாவின் மறுபாதியில் மலையாகக் கிடந்தது. மடிக்கலாம் என்று இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பினாள். மார்லாவைத் திரும்ப அழைக்கலாமா என்று யோசித்தாள். போனை எடுத்தபோது செய்தி வந்திருந்தது. மார்லா தன் வீட்டு சோபாவை லாரியில் ஏற்றும் படம். கீழே எழுதியிருந்தாள்: என் புருஷன் டீனு தரையில உக்காந்து மேட்ச் பாக்கிறான். என்னைச் சபிக்கிறான். அவன் சாபம் உனக்குத்தான் சேரும், ராட்சசி.

அழைப்பு மணி அடித்தது.

கொரின் போய்க் கதவைத் திறந்தாள். திருமதி ஒகாடா குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள வரலாமா?"

கொரினின் தோள் தானாகவே வீட்டின் பக்கம் திரும்பியது, ஒரு கணத்தில் எதையெதை எடுக்கலாம் என்று பார்க்க. அவள் அதை நிறுத்தி, வழிவிட்டாள்.

பின்னால், ஏப்ரலில், நீதிபதி ஏற்பாட்டை மாற்றவில்லை; பள்ளி நாட்களில் ஜூனி அம்மாவிடமே இருந்தாள். அது அன்று மாலை கொரினுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பால் பொங்குகிற வாசனைதான். அவள் ஓடினாள். பால் அடுப்பெல்லாம் வழிந்து கருகிக்கொண்டிருந்தது.

ஹாலில் திருமதி ஒகாடா உட்கார இடம் தேடினார். யாரும் இடம் செய்து தரவில்லை. அவரே துணிகளை இரண்டு கையாலும் அள்ளிப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"ஹோம்வொர்க்கா?" என்றார்.

"கணக்கு," என்றாள் ஜூனி. எழுந்திருக்கவில்லை. "உங்களுக்கு வகுத்தல் தெரியுமா?"

"கொஞ்சம்."

"அம்மாவுக்குக் கொஞ்சம்கூடத் தெரியாது."

கொரின் ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்தாள். கரி போகவில்லை. துணியை அங்கேயே போட்டுவிட்டு, மிச்சமிருந்த பாலில் சீஸைத் துருவ ஆரம்பித்தாள்.