ரோட்டுல ஓடணும்

சிதம்பரம் பைபாஸ் ஓரம் கொளஞ்சியின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சாக்கை விரித்து, வாங்கி வந்த பிஸ்டன்களை அதன்மேல் எடுத்து வைத்தார் லூர்துசாமி. கொளஞ்சி முதல் நாளே கேட்டிருந்தான், இந்தப் பழைய பியட் கல்யாண போட்டோவுக்கு நிற்கப் போகிறதா, ஓடப் போகிறதா என்று. "ரோட்டுல ஓடணும்பா" என்றார். அதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கினார். சென்னைக் கடைக்காரன் பிய்த்துக்கொண்டு பறக்கும் என்று ஒரு கேம்ஷாஃப்டைத் தலையில் கட்டப் பார்த்தான். பந்தயத்துக்கா போகிறேன் என்று கம்பெனி அளவிலேயே வாங்கினார். இன்றைய பெட்ரோலுக்குத் தாங்கும் வால்வு சீட், கடலூர் வெயிலில் நெரிசலில் நின்றாலும் கொதிக்காத ரேடியேட்டர் என்று தேடித்தேடி எடுத்தார். சிலிண்டரைக் கடையும்போதுகூடக் கொஞ்சமாகக் கடைந்தால் போதும் என்றார். பிற்பாடு இன்னொரு தடவை கடைய இரும்பு மிச்சம் இருக்க வேண்டுமாம். எழுபது தாண்டியவர் அடுத்த ரிப்பேருக்கு இடம் விட்டு வைக்கிறாரே என்று கொளஞ்சி சிரித்தான். அவரும் சேர்ந்து சிரித்தார்.

வாத்தியார் வேலையில் இருந்தபோது செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி அது. கம்மாபுரம் பக்கம் அவருடைய சொந்த ஊரில், அவர் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெரு ஒன்று உண்டு. அந்தத் தெருவில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தபடி இந்த பியட்டை ஓட்டிக்கொண்டு போனவர் லூர்துசாமி. பின்சீட்டில் உட்கார்ந்து போவதும் ஸ்டியரிங் பிடித்துப் போவதும் ஒன்றில்லை என்பது மகன் சேரனுக்குப் புரியாது. அவன் பிறந்ததே கார் இருந்த வீட்டில். போன வருடம் சேரனின் புதுக்காரை ரிவர்ஸ் எடுத்தபோது அவர் சுவரில் இடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சாவி அவர் கண்ணில் படுவதில்லை. எங்கே போவதென்றாலும் டிரைவரை அனுப்புகிறேன் என்பான். அப்படிப்பட்டவன், அப்பா பியட்டைச் சரிபண்ணுகிறேன் என்றதும் மறுபேச்சு பேசவில்லை. பையன் மனசு மாறிட்டான் என்று மனைவி தைலம்மாளிடம் பெருமையடித்துக்கொண்டார். ஆசை வந்துவிட்டால் படித்த மனிதனுக்கும் கண் தெரிவதில்லை.

வேலை முடிந்து வண்டி லாரியில் ஏறி கடலூர் வந்தது. புது இன்ஜினை ஹைவேயில் விரட்டக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவர் பாடத்தை அவருக்கே ஒப்பித்தான் சேரன். வாசலில் இறக்க வைத்துவிட்டு அவசர வேலை என்று கிளம்பினான். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பரங்கிப்பேட்டையில் இருக்கும் உன் தங்கச்சி வீட்டுக்குப் போய் வரலாம், புடவை மாற்று என்று தைலம்மாளை உள்ளே அனுப்பினார். கியரைப் போட்டு கிளட்சை விட்டார். வண்டி நகரவில்லை. மறுபடியும் போட்டுப் பார்த்தார். இறங்கி, முட்டி வலிக்க மண்டியிட்டுக் குனிந்தார். பின்சக்கரத்தைச் சுழற்றும் நீளமான ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கொளஞ்சிக்குப் போன் போட்டார். "ஷாஃப்ட் இங்கதான் இருக்கு சார். தம்பிதான் கழட்டி வெக்கச் சொன்னாரு. அப்பா ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேட்டா போதும், ரோட்டுக்கெல்லாம் வாணாம்னாரு" என்றான். "நீங்க குடுத்த சாமான் ஒண்ணுகூட மாத்தல சார்" என்றான், சமாதானம் சொல்வதுபோல.

சேரனைக் கூப்பிட்டார். "இன்ஜின் ஓடுதுல்லப்பா? ஒங்க ஆசைக்கு நா குறுக்க நிக்கலியே. எவன் மேலயாவது ஏத்திட்டீங்கன்னா யாரு பதில் சொல்றது?"

அதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதிதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். கடைகடையாக அலையவிட்டு, பஸ் பிடித்துச் சிதம்பரம் போகவிட்டு, இத்தனை நாளும் குழந்தை விளையாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். போனை அணைத்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கோயிலுக்குக் கட்டும் பட்டுப்புடவையில் தைலம்மாள் வந்தாள். முன்கதவைத் திறந்து ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, போலாமா?"

லூர்துசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரு. இன்ஜின் கொஞ்சம் சூடாவட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டு அவள் கண்ணாடியை இறக்கினாள். முழங்கையை வெளியே வைத்து, காற்றுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.