அது அப்படித்தான் எழுதணும்

தேவாசீர்வாதம் சார் வகுப்பில்கூடச் சத்தம் போட்டுப் பேசமாட்டார். மகள் ஜெபிஷா, "கட்டினா காலேப்பைத்தான் கட்டுவேன்" என்று வந்து நின்ற அன்றைக்கும் அவர் குரல் உயரவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே ஐ.டி. படிப்பு. நீ யூனிவர்சிட்டி ரேங்க். அவரு நாரணாபுரத்துல வெடிக் கம்பெனி குடோன்ல லோடு ஏத்திவிட்டுக்கிட்டு நிக்காரு. படிச்ச படிப்புக்கு ஒரு வேலையில சேரட்டும். மறு ஞாயித்துக்கெழமையே சபையில ஓலை வாசிக்கச் சொல்றேன். தீபாவளிக்குள்ள ஆகலைன்னா, நான் பொண்ணு கேட்டுவிட்ட காரியாபட்டிக்காரகளுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

கோயிலில் இன்னாருக்கு இன்னார் என்று ஓலை வாசித்துவிட்டால் ஊரறியக் கல்யாணம் நிச்சயமான மாதிரி. ஜெபிஷா அன்றைக்கே மனசுக்குள் தன் பெயரையும் அவன் பெயரையும் பாஸ்டரின் குரலில் வாசித்துப் பார்த்துக்கொண்டாள்.

தான் சொல்லிக்கொடுத்தால் அவனுக்கு வேலை கிடைத்துவிடும் என்று நம்பியதால் அவளுக்குப் பயமே வரவில்லை. படித்த கல்லூரியிலேயே ஐ.டி. துறையில் பாடம் நடத்துகிறவள் அவள். மாணவியாக இருந்தபோது ஆய்வக நோட்டில் உள்ள புரோகிராம் எதைக் கேட்டாலும் ஒரு புள்ளி, ஒரு கமா பிசகாமல் ஒப்பிப்பாள். வலது பக்கம் மையால் புரோகிராம், இடது பக்கம் பென்சிலால் விடை. கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்க்காமலே அந்த விடையையும் எழுதிவிடுவாள். பரீட்சையில் எந்தப் புரோகிராம் என்று சீட்டு எடுக்கச் சொல்வார்கள். சீட்டில் வந்ததை எழுதினால் முழு மார்க். வகுப்பே அவள் நோட்டை வாங்கித்தான் எழுதியது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலம் வைத்துக் கொடுத்தவன் காலேப் ஒருவன்தான். இடது பக்கங்கள் பாகு ஒட்டிப் பிசுபிசுத்துப் போயின. அவள் திட்டிக்கொண்டே தின்றாள்.

ஆவணியில் சென்னைக் கம்பெனி ஒன்று முதல் சுற்றில் காலேப்பைத் தேர்ந்தெடுத்தது. அடுத்தது வீடியோவில் நேர்முகம். சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த அவன் நண்பன் மணிகண்டராஜ், அங்கே ஏ.சி. போட்ட அறையை அன்று மத்தியானம் ஒதுக்கிக் கொடுத்தான்.

"ஏலே, சட்டைய மட்டும் இஸ்திரி போட்டுட்டு கீழ கைலியோட உக்காந்திருக்க?"

"கேமரா மேலதானலே பாக்கும்."

"வேலை கெடச்சா ஒன் கல்யாணப் பத்திரிகை நம்ம பிரஸ்ல ஓசி." உள்ளே வந்த ஜெபிஷாவைப் பார்த்துச் சிரித்தான் மணிகண்டராஜ். "வாங்க மேடம், நீங்கதான் பிட்டு பார்ட்டியா?"

"பிட்டு இல்ல, ஜெபம் பண்ண வந்திருக்கேன்" என்றாள் ஜெபிஷா. மடிக்கணினிக்குப் பின்னால், கேமராவில் விழாத நாற்காலியில், வெள்ளைத் தாள்களும் தடித்த பேனாவுமாக உட்கார்ந்துகொண்டாள். தப்புதான் என்று தெரியும். ஒரே ஒரு தரம், ஒரு வாழ்க்கைக்காக என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

திரையில் வந்த பெண்ணுக்கு அவர்கள் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். "தமிழ்லயே பேசலாம் காலேப். சின்னக் கேள்விதான். ஒரு வரிசையில நம்பர்கள் இருக்கு. சிலது ரெண்டு தடவை வருது. ரெண்டாவதா வர்றதை எடுத்துடணும். எழுதிக் காட்டுங்க."

அவள் பேசி முடிப்பதற்குள் ஜெபிஷாவின் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. நோட்டில் இருந்த புரோகிராம்தான்! எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிவிட்டு, அடுத்தடுத்து ஒன்றாக இருப்பதை நீக்குவது. தாளைத் தூக்கிப் பிடித்தாள். காலேப் பார்க்கக்கூட இல்லை, அவனுக்கும் மனப்பாடம். அவன் எழுதியதும் எழுத்துப் பிசகாமல் அதே புரோகிராம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லது. ஆனா நம்பர் எல்லாம் இடம் மாறிடுச்சே? எது முதல்ல வந்ததோ அது முதல்லயே இருக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

காலேப் முதல் வரியை அழித்தான், மறுபடி அதையே தட்டினான்.

"சரி, அதை விடுங்க. நாலாவது வரி எழுதியிருக்கீங்களே, அது எதுக்கு?"

"அது... அது அப்படித்தான் எழுதணும் மேடம்."

"ஏன்?"

அவன் கண்கள் மடிக்கணினிக்கு மேலே, ஜெபிஷாவிடம் வந்தன. அவள் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். பேனா முனையை வைத்தாள். நாலாவது வரி கையில் இருந்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எதற்கு என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. தாளில் ஒரு புள்ளி மட்டும் மையில் ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

"எதிர்ல யாரோ இருக்காங்க போல" என்றாள் திரையில் இருந்தவள். குரலில் கோபமில்லை. "பரவாயில்ல, அவங்களுக்குத் தெரிஞ்சாலும் சொல்லட்டும்."

ஜெபிஷா பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே காலண்டர் அடிக்கும் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காலேப் மடிக்கணினியை மூடினான். "ஒனக்குமா தெரியாது ஜெபி?"

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான்.

பஸ்ஸில் விருதுநகர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அப்பாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது. அவன் மக்கு இல்லை, படிப்பே அப்படித்தான் என்று புரிந்துவிட்டால், அப்பா நியாயம் தெரிந்தவர், தன் நிபந்தனையைத் தானே விட்டுவிடுவார்.

அம்மா ஜெயசீலி ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து வந்து நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெபிஷா தாள் தூக்கிப் பிடித்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். தேவாசீர்வாதம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிட்டுக் குடுக்கப் போனியா? நீயா?"

"தப்புதான்ப்பா. ஆனா அதைக் கேக்காதீக. அவருக்குத் தெரியலைன்னுதான நீங்க வேண்டாங்கீக? எனக்கும்தான்ப்பா தெரியல. ஒண்ணுமே தெரியல."

அவர் சிரித்துவிட்டார். அன்பான சிரிப்பு. "அவருக்காக ஏம்மா ஒன்னைய நீயே கொறச்சுப் பேசுற?"

"நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியாமத்தான் மெடல் குடுத்தாகளா?"

"ஆமா. நான் இப்ப பிள்ளைகளுக்கும் அதையேதான் நடத்துறேன்."

"நீ நடத்துற பாடத்துல போன தடவ எம்புட்டுப் பேரு பாஸு?"

ஜெபிஷா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"எல்லாரும்."

"அப்புறம் என்ன?" என்றார் தேவாசீர்வாதம் சார்.

மார்க் பொய் சொல்லும் என்றால், இத்தனை வருஷம் சிவப்பு மையால் மார்க் போட்ட அந்தக் கை என்ன செய்தது என்று அவர் யோசிக்க வேண்டி வரும். அவரை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோக அவளுக்கு மனசு வரவில்லை.

"தீபாவளி வரைக்கும் டைம் குடுத்தீகளே" என்றாள் மெதுவாக.

"இனி எந்தக் கம்பெனி அவரைக் கூப்பிடும்ங்கிற நீ? சொல்லு."

ஏதாவது ஒரு கம்பெனிப் பெயரைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

"அவரு நல்ல பிள்ளைதான். நான் இல்லைங்கல" என்றபடி எழுந்த அப்பா, போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். ஜெயசீலி மகளின் தலைமுடியை ஒதுக்கி, "சாப்பிடு தாயி, மத்தியானமும் சாப்பிட்டிருக்க மாட்ட" என்றாள்.

வாசலில் அப்பா காரியாபட்டிக்குப் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க... ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் வாங்க... இல்ல இல்ல, சும்மா சொல்லல. எம் பிள்ளை யூனிவர்சிட்டியிலயே ரேங்க்குங்க."

ஜெபிஷா தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.