தைஸ்தோவுக்கு ஒரு பாறை

போத்னியா விரிகுடாவில், எங்கள் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவைத் தாண்டி, கடலுக்கடியில் எனக்கு ஒரு பாறை இருக்கிறது. பத்திரம் கிடையாது. ஆனால் கண்டுபிடித்தவள் நான். பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில், உறைந்த கடலில் துளை போட்டுப் போட்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கித் தடவிக் கண்டுபிடித்தேன். அங்கே கிடைக்கும் பெர்ச் மீன் ஒவ்வொன்றும் என் கை நீளம். சரி, முழங்கை வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் எங்கள் ஊர்க்காரன் தைஸ்தோ என் சறுக்குவண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து அதைப் பார்த்துவிட்டான். அன்று மாலையே காப்பிக்கடையில் நின்று, "நான் ஒரு பாறை கண்டுபிடிச்சேன்" என்று அறிவித்தான். மறுநாள் ஊரே துளைக்கருவியோடு வந்தது. பனி சல்லடையானது. மீன் ஓடிவிட்டது. அதையாவது பொறுத்திருப்பேன். ரொட்டிக்கடைப் பெண் என்னிடமே கேட்டாள்: "இரியாம்மா, தைஸ்தோ பாறைக்கு நீங்க போயிருக்கீங்களா?" அன்றைக்குக் கடித்த பன் ஒரு வருஷம் என் தொண்டையிலேயே நின்றது.

பாறை என் பேருக்குத் திரும்ப வேண்டும். அதுவும் தைஸ்தோ வாயாலேயே.

இந்தக் குளிர்காலம் கடல் பாதிதான் உறைந்தது. கரையிலிருந்து தீவு வரை லாரி ஓட்டலாம். தீவைத் தாண்டினால் கறுப்புத் தண்ணீர், கொதிக்கும் பானைபோல் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. பாறை அந்தத் தண்ணீருக்குள். மீன் எங்கே என்று தெரியாமல் ஊரே அலைந்தது. தைஸ்தோ அலையவில்லை. சமையலறை ஜன்னலில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, நான் எங்கே போகிறேன் என்று மட்டும் பார்த்தான். அவன் மூக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி உறைந்துபோய், வெந்நீர் ஊற்றிப் பிரித்தார்கள் என்று கேள்வி. கேள்வியைக் கிளப்பியவள் நான்தான்.

"அக்கா, உறைபெட்டியில இருந்த மீனையெல்லாம் எதுக்கு வெளிய எடுத்து வெச்சிருக்க? விருந்தா?" என்றாள் என் தங்கை சினிக்கா.

"விருந்துதான்டீ. தைஸ்தோவுக்கு."

சேற்றுக்குடாவுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். தீவு முனைக்கு இந்தப் பக்கம், ஆழமில்லாத இடம். அங்கே கிடைப்பது கீஸ்கி மீன் மட்டும்: கட்டைவிரல் பருமன், மூக்குச்சளிபோல் வழவழப்பு, முதுகெல்லாம் முள். எங்கள் ஊர்ப் பூனைகள்கூட முகர்ந்துவிட்டுத் திட்டும். அங்கே துளைகள் போட்டோம். சுற்றிலும் பெர்ச் ரத்தமும் செதிலும் தெளித்தோம். காப்பி மண்டியைக் கொட்டினோம். கடைசியில் ஊசியிலைக் கிளைகளைப் போட்டுப் பாதி மறைத்தோம். முழுக்க மறைத்தால் அவனுக்குத் தெரியாது. மறைக்கவே இல்லையென்றால் நம்பமாட்டான்.

"நீ பாரந்தூக்கி ஓட்டி வீணாப் போயிட்டக்கா. கொலை கிலை பண்ணியிருக்கலாம்."

"வயசு இருக்குடீ, பாப்போம்."

அந்த வாரமே காற்று நின்று கடுங்குளிர் இறங்கியது. தீவுக்கு அப்பாலும் கடல் மூடிக்கொண்டது. புதுப் பனி கண்ணாடிபோல் கறுப்பாக இருந்தது. அடிக்கு அடி கடப்பாறையால் இடித்து இடித்து, தாங்கும் என்று தெரிந்த பிறகே காலை வைத்தேன். மேலே துளி வெண்பனி இல்லை. என் வண்டி ஒரு கோடுகூட விடவில்லை.

சனிக்கிழமை தைஸ்தோ ஊரைத் திரட்டிக்கொண்டு சேற்றுக்குடாவுக்குப் போனான். "தைஸ்தோ பாறை, நம்பர் ரெண்டு!" என்று அவன் கத்தியது, என் பாறைக்கு மேலே போட்டிருந்த எங்கள் தூண்டில் வரை கேட்டது. பிறகு கேட்டதெல்லாம் வசவுதான்.

"என்னய்யா தைஸ்தோ, உன் பாறை கொழகொழன்னு இருக்கு!"

"கையெல்லாம் கிழிச்சிடுச்சு, நாசமாப் போக!"

சினிக்கா ஒரு பெர்ச்சைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். தைஸ்தோ பார்த்தான். விறுவிறுவென்று வந்தான். வெள்ளைப் பனி முடிந்து கறுப்பு தொடங்கும் இடத்தில், ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டான். மிதித்து நடக்கத் தடம் இல்லையே!

"இரியா! அங்க தாங்குமா?"

"எங்களைத் தாங்குது. உன்னைத் தாங்குமான்னு எப்படித் தெரியும்? நீ சொன்ன பொய்யையும் சேர்த்துல்ல எடை போடணும்."

"வெளையாடாத. வர்ற வழியச் சொல்லு."

"எங்க வரணும்?"

"அதான்… பாறைக்கு."

"யார் பாறைக்கு?"

திரும்பிப் பார்த்தான். அவன் தடத்திலேயே ஊர் முழுக்க வந்து பின்னால் நின்றது.

"இரியா பாறைக்கு" என்று முனகினான்.

"சினிக்கா, உனக்கு எதாச்சும் கேட்டுச்சா?"

"எங்கக்கா கேக்குது, காத்து இந்த அடி அடிக்குது!" ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"இரியா பாறை! அவதான் கண்டுபிடிச்சா! நான் பின்னாலயே போய்ப் பாத்தேன்! போதுமா?"

தீவு அதைத் திருப்பிச் சொன்னது. எதிர்க்கரை ஸ்வீடனில் மேய்ந்த கலைமான்கள் நிமிர்ந்து பார்த்திருக்கும்.

"போதும்யா. கடப்பாறை இருக்கா?"

அவனிடம் ஏது? வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தடத்தில் நடந்தவன்.

"அப்ப போய் ஒண்ணு வாங்கிட்டு, தட்டித் தட்டி வா. நான் அப்படித்தான் வந்தேன்."

ஊர் சிரித்த சிரிப்பில் பனி விரிசல் விட்டுவிடுமோ என்று நானே பயந்தேன். கீஸ்கி வாளியைத் தூக்கிக்கொண்டு தைஸ்தோ நடந்தான், முதல்முறையாக எல்லாருக்கும் முன்னால்.

திங்கட்கிழமை ரொட்டிக்கடைப் பெண் கேட்டாள்: "இரியாம்மா, சேத்துக்குடாவுக்குத்தான் தைஸ்தோ பாறைன்னு பேராமே?"

பன் மூன்று வாங்கினேன். மூன்றும் வழுக்கிக்கொண்டு இறங்கின.