பூநாரைகள் எழும்பும் இடத்தில்

மரியதாஸ் எழுந்தான். பல் துலக்கினான். ஸ்டவ்வில் வெந்நீர் வைத்து முகம் மழித்தான். நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் மெட்ராஸ் பஸ்ஸில் உட்கார்ந்தான்.

மரக்காணம் உப்பளத்தில் அவன் சூப்பர்வைசர். போன தை மாதம் அங்கே இறங்கும் பூநாரைகளைப் படம் பிடிக்க ஒரு டாகுமெண்டரிக் குழு வந்தது. ஒலிப்பதிவாளர் தேவநாதன் வரப்பில் மைக்கை வைத்துவிட்டு எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். அது தெரியாமல் சோற்றுத்தூக்கோடு வந்த அவன் மனைவி ஜோசப்பின், தூரத்திலிருந்தே அவனைக் கூப்பிட்டாள். பறவைகள் மொத்தமாக எழும்பிவிட்டன.

"கெடுத்தியேம்மா!"

"நான் எங்க வீட்டுக்காரரத்தான் கூப்பிட்டேன். உங்க கொக்கையா கூப்பிட்டேன்?"

ஆனியில், பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. வீட்டில் கல்யாணப் போட்டோ இருந்தது. குரல்தான் இல்லை. தேவநாதன் அன்றைக்குப் பதிவு செய்த டேப்பில் இருக்கும். ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. திரையில் பூநாரைகள் எழும்பின. வயலின்கள் எல்லாம் ஒரேயடியாக மேலே ஏறின. டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டது. உப்பளம் ஒருநாளும் அப்படி முழங்கியதில்லை.

ஒத்திகை நின்றதும் தேவநாதன் அவனைப் பார்த்துவிட்டார். "வாங்க மரியதாஸ்! உங்க வீட்டம்மா கத்தினத மறைக்கத்தான் நம்ம மியூசிக் டைரக்டர் சார் இந்த எடத்துல இவ்ளோ வயலின் போட்டிருக்காரு. சவுக்கியமா இருக்காங்களா?"

அவன் சொன்னான்.

இசையமைப்பாளர் கலைஞர்களை டீ குடிக்க அனுப்பினார். தேவநாதன் இசையில்லாத ஒலியை மட்டும் ஓடவிட்டார். காற்று. தண்ணீர். பிறகு, "ஏங்க!" மீதியைச் சிறகுச் சத்தம் மூடிவிட்டது.

"இன்னொரு தடவை சார்."

"ஏங்க!"

இசையமைப்பாளர் தாளில் அந்த இடத்தைப் பென்சிலால் அடித்தார். "இங்க வாசிக்க வேணாம் தம்பி. அவங்க குரலே இருக்கட்டும்." பிறகு தயங்கினார். "கடைசியா ஏதாவது பேசினாங்களா?"

துக்கத்துக்கு வந்த எல்லோரும் கேட்டது. 'மாதாவே' என்று சொல்லிக்கொண்டே போனாள் என்று மாமியார் சொல்லியிருந்தார். சர்ச் சாமியாரும் அடக்கப் பூசையில் அதையே சொன்னார். அவனும் தலையாட்டினான். ஆனால் அப்போது அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தது அவன் மட்டும்தான்.

இங்கே மாமியார் இல்லை. மனைவி கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னான்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். ஒரே சத்தம்."