தலைகீழாய் இருந்த ஜெபப் புத்தகம்

அந்த அக்டோபரில் எங்கள் தெருவுக்கு என் மகள் பிலோமினாள்தான் ராணி. எட்டு வயது. ஜெபமாலை மாதம் வந்தால் பாப்பாரப்பட்டியில் கிறிஸ்தவர்கள் நாங்கள் தினமும் சாயங்காலம் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபம் சொல்வோம். மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கி வேண்டும் மன்றாட்டு மாலையை முன்னால் நின்று வாசிப்பவள் அவள். இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்திலும் தடுக்காமல் சொல்லிக்கொண்டே போவாள். மரம் அறுக்கும் மில்லில் மாரடிக்கிற எனக்குப் பெருமை பிடிபடாது.

எண்பத்தாறாம் வருஷம் அது. எங்கள் வீட்டு முறை வந்த அன்று அடுத்த வீட்டு ஜான் பீ அக்காவும் வாசலோரம் வந்து நின்றார். வளையல் கடை கவுஸ் பாஷாவின் மனைவி. எங்கள் ஜெபம் அவருக்குத் தெரியாது. பிள்ளை சொல்வதைக் கேட்க ஆசை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிய என்னை நிறுத்தினார்.

"சவரி தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து பாப்பா பொஸ்தகத்த தலைகீழா புடிச்சிருந்துச்சு. அட்டையில மாதா படம் கவுந்து இருந்துச்சுங்க."

எனக்கோ மூக்கின் மேல் கோபம். "அத்தன பேரு இருந்தோம். எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"நீங்கல்லாம் கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க."

உண்மைதான். ஜெபத்தில் நாங்கள் கண்ணைத் திறப்பதில்லை. அங்கே கண் திறந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

உள்ளே போய் காலண்டர் தாளைக் கிழித்து மகளிடம் நீட்டினேன். "படி."

மூக்கில் இடிக்கிற மாதிரி கிட்டே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். பிறகு திருதிருவென்று முழித்தாள். ஓர் எழுத்துகூட வாசிக்கவில்லை. மன்றாட்டு மாலை முழுக்கக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது! பள்ளிக்கூடத்திலும் இப்படியே ஒப்பித்து, இத்தனை நாளும் படிக்காமல் ஏமாற்றியிருக்கிறாள் என்று ஓங்கி ஓர் அறை விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை எனக்கே பிடிக்கவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஜான் பீ அக்கா பிள்ளையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். "ஏமாத்தலீங்க. பாவம், கண்ணு தெரியல. எங்க வூட்டுல வளையல் எடுத்து வெக்கறப்பகூட தடவித் தடவித்தான் எடுக்குது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

என் மனைவி இன்னாசியம்மாள் அழ ஆரம்பித்தாள். "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியும்னு நெனச்சேன்மா."

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தர்மபுரிக்கு பஸ் ஏறினோம். ஜான் பீ அக்காவும் கூடவே வந்தார். கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறந்ததிலிருந்தே கிட்டத்திலும் தூரத்திலும் மங்கல்தானாம்.

"சரியாயிடுங்களா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டா கொஞ்சம் கொஞ்சமா நல்லா தேறும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தீங்கன்னா அப்புறம் கண்ணாடி போட்டும் பெரிசா பலன் இருந்திருக்காது. தெரியலன்னு புள்ளைங்க சொல்லாதுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ நாமதான் காட்டணும்."

வெளியே வந்ததும் ஜான் பீ அக்காவின் காலில் விழப் போனேன். "அட, எந்திரிங்க! நாலு பேரு பாக்கறாங்க" என்று அதட்டினார். எழுந்தேன். ஆனால் மனசு இன்னும் அந்த இடத்திலேயேதான் விழுந்து கிடக்கிறது. பெற்ற நாங்கள் பார்க்காததைப் பார்த்து, கோபித்தாலும் பரவாயில்லை என்று வந்து சொன்னாரே, அதற்கு என்ன செய்து ஈடு கட்டுவேன்?

பத்து நாளில் கண்ணாடி வந்தது. பிலோமி அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டித் தடுக்கித் தடுக்கி அவள் வாசித்ததைக் கேட்டு நானும் இன்னாசியம்மாளும் சத்தமில்லாமல் அழுதோம்.

அடுத்த வருஷம் அவளை மறுபடி காட்டப் போனபோது, மூன்று வயது மகன் அருள்சாமியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

"பையனுக்கு என்ன தொந்தரவு?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் பாக்கறான்."

"அப்புறம் எதுக்குக் கூட்டியாந்தீங்க?"

"இவங்க அக்காளும் நல்லாத்தான் பாக்கறான்னு நெனச்சிருந்தேனுங்க."

டாக்டரம்மா அவனை வாங்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.