ஒற்றை டிக்

...இடம் போதவில்லையாம், இந்த முறையும் அதேதான், வட்டம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்தச் சிவப்பு எழுத்து, மென்பொருளைப் புதுப்பிக்க முடியவில்லை, பின்னர் முயற்சிக்கவும். எத்தனை பின்னர்... மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவன், பின்னர் பின்னர் என்றே நேரம் போகிறது. போன் கடை அப்ஹாம் இந்தப் போனைச் செத்த எலி மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். "கபூர் காக்கா, சொப்ட்வெயார் நல்லாப் பழசு, அப்டேட் பண்ணுங்க, எல்லாம் சரி வரும்" என்றான். எல்லாம் என்றால் எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. என் பிரச்சினை ஒன்றே ஒன்று, சபீனாவுக்கு அனுப்புகிற வட்ஸ்அப் போய்ச் சேருவதில்லை, ஒற்றை டிக்கில் நிற்கிறது. சபீனா என் மூத்த மகள். இருப்பது கடல் கடந்து இல்லை, இந்த மதிலுக்கு அந்தப் பக்கம், நான் ஓங்கித் தும்மினால் அவளுக்குக் கேட்கும். அப்படியென்றால் எழுந்து போய்ப் பேசுவதற்கென்ன என்று வெளியூரான் கேட்பான், அவனுக்கு என்ன தெரியும். காத்தான்குடியில் வீடு கட்டிக் கொடுத்துத்தான் பெண்ணைக் கொடுப்பது, கொடுத்த பிறகு பெற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டும், நாங்களும் பின் வளவில் இரண்டு அறை போட்டு ஒதுங்கிவிட்டோம். மருமகன் றமீஸ் வீட்டில் நிற்கும் நேரம் என் மனிசி கைறுன்னிஸா அந்தப் பக்கம் தலை காட்டமாட்டாள், நானும் நினைத்தபடி நுழைய முடியுமா, கட்டினவன் நான் என்றாலும் இப்போது அது மாப்பிள்ளை இருக்கும் வீடு. அதனால்தான் வட்ஸ்அப். மகள், ஆத்து இறால் வாங்கி வந்திரிக்கன், சட்டி கொண்டு வா என்று அனுப்புவேன், இரண்டு டிக், உடனே நீலம், வாறன் வாப்பா என்று பதில் வரும். அவ்வளவுதான், அதில் எனக்கு ஒரு நாள் ஓடும்.

அக்ரமுக்கு அனுப்பினால் மட்டும் எப்படிப் போகிறது? கத்தாரில் இருக்கிறான் மகன், கண்ணை மூடித் திறக்குமுன் இரண்டு டிக். கத்தாருக்குப் போகிறது, மதிலைத் தாண்ட மாட்டேன் என்கிறது, அப்படியென்றால் போன்... இல்லை, அதை இப்போது யோசிக்க வேண்டாம், அப்ஹாம் படித்த பொடியன், தெரியாமலா சொல்லியிருப்பான், முதலில் இடத்தை ஒதுக்குவோம். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும் அந்த வீடுதான். நான் கடல் கடந்து தம்மாமில் லொறி ஓட்டிய காலத்தில் கைறுன்னிஸா அனுப்பிய படங்கள், போன் மாறினாலும் நான் விடாமல் ஏற்றிக்கொண்டு வந்தவை, அத்திவாரம், சுவர், கூரைக்குப் பிளேட் போட்ட அன்று சாரனோடு நிற்கும் மேசன்மார், கதவு நிலை. முதிரை மரம்தான் வேண்டும் என்று போனிலேயே சண்டை பிடித்தவன் நான். காணி உறுதியும் சபீனா பேரில்தான் எழுத வேண்டும் என்று நின்றேன். வீடு அவளுடையது என்றால் நாளைக்கு யாரும் அவளை வெளியே போ என்று சொல்ல முடியாது, வந்தவன்தான் அடங்கி நடக்க வேண்டும், எங்கள் பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது என்று வேறூர் சாரதிகளிடம் பெருமை அடித்திருக்கிறேன். சுவர் படங்களை அழித்தேன். பிளேட்டை அழித்தேன். கதவு நிலையில் விரல் கொஞ்சம் தயங்கியது, பிறகு அதையும் அழித்தேன், வீடே எதிரில் நிற்கும்போது படம் எதற்கு. இப்போது இடம் போதுமாம், ஆனால் சார்ஜ் பாதிக்கு மேல் வேண்டுமாம். நல்லது, இது கேட்காதது இன்னும் என்ன இருக்கிறதோ.

சார்ஜில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் மனம் சும்மா இருக்கிறதா. வாவியிலிருந்து காற்று வரும் நேரம், இன்றைக்கு அதுவும் இல்லை, புழுக்கம். கோல் எடுத்தால் பேசுகிறாள்தான், பேசி முடிக்குமுன் மறுகா எடுக்கன் வாப்பா என்று பிறகுக்குத் தள்ளி வைத்துவிடுகிறாள். முந்தி இப்படி இல்லை. முந்தி அவள் சமைத்ததைப் படம் பிடித்து அனுப்புவாள், பேத்தி இன்ஷிராவின் கிறுக்கல்களை அனுப்புவாள். இப்போது என்ன, வீடு கையில் வந்தாயிற்று, வாப்பா எதற்கு... சீ, என்ன நினைப்பு இது, பெற்ற மகளைப் பற்றி. ஆனாலும் நினைத்தேன், ஒளித்து என்ன, இந்த ஒற்றை டிக்கைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. போனில் பிழை என்றானதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாய் இருந்தது என்று அப்ஹாமுக்குத் தெரியாது.

சார்ஜ் ஏறியது. இப்போது வைபை வேண்டுமாம், டேட்டாவில் இறங்காதாம். எங்களுக்கென்று வைபை இல்லை, சபீனா வீட்டு வைபைதான், நான் எடுத்துப் போட்டது, மதிலோரம் மாதுளையடியில் நின்றால் இங்கேயும் பிடிக்கும். கொஞ்ச நாளாக அதுவும் தானாக விட்டுவிட்டிருந்தது, போன் பழசுதானே என்று நானும் பேசாமல் இருந்தேன். பாஸ்வேர்ட் அக்ரம் வைத்தது, சபீனாவின் பெயரும் பிறந்த வருடமும். மாதுளையடிக்குப் போய் அடித்தேன். தவறு என்றது. விரல் பிசகியிருக்கும், ஒவ்வொரு எழுத்தாய்ப் பார்த்து அடித்தேன், தவறு. மாற்றியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லாமல், நான் கட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு... றமீஸ் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன், பள்ளியில் தொழுகைக்கு முன் சஃபில் நிற்பவன், சிகரட் இல்லை, சத்தமாக ஒரு வார்த்தை பேசமாட்டான், ஊரில் எல்லாரும் எனக்கு வாய்த்த மருமகனைத்தான் உதாரணமாய்ச் சொல்வார்கள். அவன் மாற்றினாலும் அவள் சொல்லியிருக்கலாமே, வாப்பா இதுதான் புதுசு என்று ஒரு வார்த்தை.

கொடியில் காய்ந்த உடுப்பு எடுக்க வந்த சபீனா மதிலுக்கு மேலால் என்னைக் கண்டுவிட்டாள். "என்ன வாப்பா, வெயிலுக்குள்ள நிக்கீங்க?" முகம் மெலிந்திருந்ததா, அல்லது எனக்குத்தான் கண் மங்கலா. போன் அப்டேட் ஆகவில்லை, வைபை ஏற்கவில்லை என்று போனை நீட்டினேன், கோபத்தைக் குரலில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன். வாங்கி அடித்தாள். எட்டிப் பார்த்தேன், அவளும் அதையே அடிக்கிறாள், அவள் பெயர், அவள் பிறந்த வருடம். தவறு.

"பழசப் போடாத மகள், புதுசப் போடு."

"புதுசு எனக்குத் தெரியா வாப்பா."

என்ன சொல்கிறாள் இவள்? "அவர் மாத்திட்டார். அக்கம்பக்கத்து ஆக்களெல்லாம் பாவிக்காங்களாம்" என்றாள்.

"உனக்குச் சொல்லல்லியா?"

"எனக்கென்னத்துக்காம், எந்த நேரமும் வீட்டுலதானே இரிக்கிற." சிரித்தாள். சிரிப்பு என்று அதைச் சொல்வதென்றால் சொல்லலாம்.

"அப்ப உன்ட போன்?"

"டேட்டா போட்டா வேல செய்யும் வாப்பா. அவர் போடுவார், மறுகா." அதற்குள் முன் கேற்றில் மோட்டார் சைக்கிள் சத்தம், அவள் போனை என் கையில் திணித்து, "உம்மாக்குச் சொல்லிராதீங்க" என்றாள், எதைச் சொல்ல வேண்டாம் என்கிறாள், வைபையையா... பாதி உடுப்பைக் கொடியிலேயே விட்டுவிட்டு, தலையில் துணியை இழுத்துக்கொண்டு குசினிப் பக்கத்துச் சின்னக் கதவால் உள்ளே போனாள். முதிரைக் கதவு முன்னால் இருக்கிறது. அவளுடைய கதவு.

நான் மாதுளையடியிலேயே நின்றேன். அனுப்பியவற்றை மேலே தள்ளிப் பார்த்தேன், இறால், மாம்பழம், பெருநாள் வாழ்த்து, ஏன் மகள் பேசுதில்ல, வாப்பாவ மறந்திட்டியா, எல்லாம் ஒற்றை டிக், ஒன்றுகூட அவளிடம் போகவில்லை. போகாதது நல்லதாய்ப் போயிற்று, அந்தக் கடைசி இரண்டையும் அவள் படிக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள், வாப்பாவும் ஒன்றும் அனுப்பவில்லையே என்று.

"போன் சரி வந்திச்சா?" கைறுன்னிஸா உள்ளிருந்து கேட்டாள்.

"இல்ல. போன்தான் பழுது" என்றேன்.

கையில் போன் அதிர்ந்தது, அக்ரம்தான், உடனே திறந்துவிட்டேன். ஹப்ஸாட வீட்டுக்கு அத்திவாரம் எப்ப வாப்பா போடுற, கல்லுப் பறிச்சாச்சா? ஹப்ஸா என் இளைய மகள், பின்னறையில் தையல் மெசினோடு இருக்கிறாள், அவளுக்கும் வீடு கட்ட வேண்டும், அவளுக்கும் முதிரைக் கதவு வைக்க வேண்டும், அவள் பேரிலும் உறுதி எழுத வேண்டும், பிறகு... கல் எப்போதோ லொறியிலிருந்து பறித்தாயிற்று, இதோ மதிலோரம் குவிந்து கிடக்கிறது. ஓம், பறிச்சாச்சி என்று அடித்தேன், அழித்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்கு அங்கே நீலம் காட்டியிருக்கும், பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பான். அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.