தவிட்டுக்கு வாங்கியவள்

கஸ்தூரிக்குச் சரியாகிவிடக் கூடாது என்று நான் நினைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் நினைத்தேன். இந்த வயசில் யாருக்குப் பயந்து மறைக்கப் போகிறேன்?

அவள் என் கொழுந்தன் சின்னத்துரையின் பெண்டாட்டி. ரெட்டியபட்டிப் பெண். வந்த நாள் முதல் வீட்டில் ஒரே சிரிப்புச் சத்தம்தான். அருப்புக்கோட்டையில் வீட்டை ஒட்டியே எங்கள் கடை, சரக்கு வாங்க வருகிறவர்கள் "உள்ள யாரு இந்தச் சிரிப்பு?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். பேய், பைத்தியம் என்று அவள் வம்சத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை. நன்றாக விசாரித்துத்தான் எடுத்தோம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலில், சித்திரை மாதம், ஆண் பிள்ளை பெற்றாள். அவளுக்குத் தாய் இல்லாததால் பிரசவம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பத்தாம் நாளிலிருந்து பேச்சு குறைந்துபோனது. காரணமில்லாமல் அழுவாள். பிள்ளையை மார்பில் போட்டால் பால் கொடுப்பாள், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"என்னால ஏலலக்கா. யாரோ பெத்த புள்ள மாதிரி இருக்கு" என்றாள் ஒருநாள்.

வைத்தியர் சன்னி என்று சொல்லி லேகியம் கொடுத்தார். பேயோட்டுகிற கோடாங்கி வந்து உடுக்கடித்தான். கொடுத்ததைத் தின்றாள், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் மாறவில்லை.

தாய்க்கும் பிள்ளைக்கும் கிரகம் ஆகவில்லை, தவிட்டுக்கு விற்றுவிடலாம் என்று மாமியார் முடிவு செய்தார். எங்கள் பக்கத்து வழக்கம்தான். வேறொருத்தி ஒரு சுளகு நிறையத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி, வாசலைத் தாண்டிப் போக வேண்டும். உடனே திரும்பி வந்து, "இது எம் புள்ள, நீ வளத்துக் குடு" என்று பெற்றவள் மடியிலேயே போட்டுவிட வேண்டும். கிரகம் ஏமாந்துபோகுமாம்.

"வடிவு, நீயே வாங்கு தாயி" என்றார் மாமியார்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். பிள்ளை இல்லை. தவிட்டைக் கொடுத்து, பிள்ளை பொன்ராஜைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். திரும்பி வந்தபோது கஸ்தூரி பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். "தூங்குறா அத்தை. பொறவு குடுத்துக்கலாம்" என்றேன். மாமியாருக்கு அடுப்பில் வேலை இருந்தது, போய்விட்டார். அந்தப் 'பொறவு' வரவே இல்லை. அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு எல்லாம் நான்தான். அவளுக்குத் தலை சீவுவேன், சோறு பிசைந்து கொடுப்பேன். பிள்ளைக்குத் துணி அலசி, தூளி ஆட்டி, பொழுது சாய்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அந்த அலுப்பு எனக்குப் பிடித்திருந்தது. பாலுக்கு மட்டும் அவளிடம் கொண்டுபோவேன். குடித்து முடித்ததும் கையை நீட்டுவேன், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாள்.

கார்த்திகையில் ஒருநாள் சாப்பிடும்போது, "கொழம்புல உப்புக் கூடிப்போச்சுக்கா" என்றாள். அத்தனை மாதமும் உப்பென்றும் உறைப்பென்றும் அறியாமல் விழுங்கியவள். சின்னத்துரைக்கு வாயெல்லாம் பல். நான் எழுந்து போய்த் தூளியில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். மறு வாரம் தானாக எழுந்து தலை முழுகினாள். பிறகு நாலு நாள் மறுபடியும் பாயோடு கிடந்தாள். அந்த நாலு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஐந்தாம் நாள் எழுந்து வாசல் தெளித்தாள். இப்படி விழுந்து எழுந்துதான் தேறினாள்.

தை பிறந்து ஒரு காலை, பிள்ளைக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி வந்து சுவரோரம் நின்றாள்.

"அக்கா, ஒரு வாய் நான் ஊட்டட்டா?"

"ஒம் புள்ளைக்கு ஊட்ட எங்கிட்ட என்ன கேள்வி?" என்றேன் வெடுக்கென்று.

"நீங்கதான் திருப்பித் தரலையேக்கா. அன்னைக்கு முழிச்சுத்தான் கெடந்தேன். எங்கிட்ட குடுத்தா புள்ள தங்காதுன்னு அக்கா வச்சுக்கிட்டாகன்னு நெனச்சேன். அது சரின்னும் பட்டுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இப்பத் தேவலையா இருக்கு. நீங்கதான என்னைய இத்தன நாளாப் பாத்தீக. சொல்லுங்க, எங்கிட்ட குடுக்கலாமா?"

களவாணி என்று அவள் திட்டியிருந்தால் தேவலை. பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். வாயில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. இவளோ என்னை நம்பிக் கேட்கிறாள். 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்' என்று சொன்னால் போதும், சரியென்று போய்ப் படுத்துவிடுவாள். பிறகு எழுந்திருக்கவே மாட்டாள். பிள்ளை எனக்குத்தான். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நீ நல்லாத்தான் இருக்க" என்றேன். "ஒனக்காகத் தராம இருக்கல. எனக்கு ஆசையாப் போச்சு. அதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மடியை விரித்தாள்.

பிள்ளையை அவள் மடியில் போட்டேன். அந்தச் சடங்குப் பேச்சில் பாதியைத்தான் சொன்னேன். "நீ வளத்துக்க."

பால் குடிக்காத நேரத்தில் அவளிடம் இருப்பது அவனுக்குப் பழக்கமில்லை. முதுகை வளைத்துக் கத்தினான். என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான்.

"பாருங்கக்கா, எங்கிட்ட இருக்க மாட்டேங்குறான்" என்றாள் கஸ்தூரி. அவள் முகம் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தது. என் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

"கத்துவான். கத்தட்டும். கையில இருந்து மட்டும் எறக்கிராத" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அரை மணி நேரம் கத்தியிருப்பான். பேச்சு வராத பிள்ளை, ஆனாலும் என்னைத்தான் கூப்பிட்டான். நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன். கத்தல் மெல்ல மெல்லக் குறைந்து விம்மலானது. அவள் ஏதோ சொல்லித் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அவன் அழுகை நின்ற பிறகுதான் எனக்கு வந்தது.